தைராய்டு ரிசல்ட் ஏறுது, இறங்குது. அசதி மட்டும் குறையல. எந்த டாக்டரைப் பார்க்கணும்? (மலேசியா: பினாங்கு / கேஎல், அதாவது கோலாலம்பூர்)

மலர்_செந்தூல்

வணக்கம். என் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 38, எடை 62 கிலோ, பட்டர்வொர்த்தில் இருக்கிறார். ஹஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கி, சுரப்பைக் குறைக்கும் நோய்), அதைக் காட்டும் ஆன்டி டி.பி.ஓ ஆன்டிபாடி பாசிட்டிவ். தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் எடுக்கிறார். ரிசல்ட் இப்படி (ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன், அது குறைந்தால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச் கூடும்):

ஜனவரி, 100 மைக்ரோகிராமில்: டி.எஸ்.எச் 9.1, ஃப்ரீ டி4 11. டோஸை 125 ஆக்கினார்கள்.
மே, 125இல்: டி.எஸ்.எச் 0.08, ஃப்ரீ டி4 29. டோஸை 75க்கு இறக்கினார்கள்.
ஜூலை, 75இல்: டி.எஸ்.எச் 0.11, ஃப்ரீ டி4 26. தைராய்டைத் தூண்டிவிடும் ட்ராப் ஆன்டிபாடியும் பாசிட்டிவ்.

இப்போது "கிரேவ்ஸா மாறிடுச்சு போல, கார்பிமசோல் ஆரம்பிக்கலாம்" என்கிறார் கிளினிக் டாக்டர் (கிரேவ்ஸ் என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய், கார்பிமசோல் அதைக் குறைக்கும் மருந்து). ஆனால் நாடித்துடிப்பு 58, மலச்சிக்கல், ஏர்கான் ரூமில் உட்கார முடியவில்லை, முடி கொட்டுது, எடை கூடுது. காலையில் பசாருக்குப் போய் வந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாத அசதி.

கூடவே எடுப்பவை: இரும்பு மாத்திரை, கால்சியம், பிப்ரவரியிலிருந்து முடிக்கு ஒரு வைட்டமின் கம்மி (மென்று சாப்பிடும் ஜெல்லி மிட்டாய்), முட்டிவலிக்கு ஒரு மூலிகை கேப்சூல். மாலில் ஒரு வெல்னஸ் சென்டரில் "அட்ரினல் ஃபாட்டிக்" (அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது) என்று சொல்லி எச்சில் டெஸ்ட், டிரிப் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் பேசுகிறார்கள்.

நல்ல எண்டோகிரைன் ஸ்பெஷலிஸ்ட் யாராவது தெரியுமா? பினாங்கிலேயே இருந்தால் நல்லது. தேவைப்பட்டால் கேஎல்லுக்கு அழைத்து வருகிறேன்.

லேப்_மேசை

மலர், டாக்டர் பெயர் அப்புறம். முதலில் அந்தக் கம்மி டப்பாவைத் திருப்பி, பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்பதில் 5,000, 10,000 எல்லாம் சாதாரணம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30தான்.

டோஸ் 125லிருந்து 75க்கு வந்தும் டி.எஸ்.எச் அசையவே இல்லை. நாடி 58, மலச்சிக்கல், குளிர். தைராய்டு கூடியவருக்கு இது எதுவும் பொருந்தாது. ரிசல்ட் ஒன்று சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால், அந்த ரிசல்ட்டை முதலில் சந்தேகப்படணும்.

பல தைராய்டு கிட்டுகளில் பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடியை, ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய துகள்கள் கொக்கி போலப் பிடித்து நிறுத்தும். ரத்தத்தில் கம்மியிலிருந்து வந்த பயோட்டின் நிரம்பியிருந்தால் கொக்கிகளை அதுவே பிடித்துக்கொள்ளும். அளக்க வேண்டிய ஆன்டிபாடி கழுவும்போது போய்விடும், மெஷினுக்கு வரும் சிக்னல் குறையும். டி.எஸ்.எச் டெஸ்டில் சிக்னல் குறைந்தால் எண் குறையும். ஃப்ரீ டி4, ட்ராப் இரண்டிலும் கணக்கு தலைகீழ், சிக்னல் குறைந்தால் எண் கூடும். ஆக டி.எஸ்.எச் தரையில், டி4 உச்சத்தில், ட்ராப் பாசிட்டிவ்: கிரேவ்ஸ் நோயின் அச்சு அசலான படம், நோய் இல்லாமலே. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2017இலேயே எச்சரிக்கை விட்டது. பயோட்டின் எடுக்கிறீர்களா என்று கேட்காமல் ரத்தம் எடுக்கிற இடங்கள் இன்னும் நிறைய.

செய்ய வேண்டியது: கம்மியை நிறுத்துங்கள். டெஸ்டுக்கு முன் குறைந்தது 2 நாள் என்கிறது அமெரிக்க தைராய்டு சங்கம். அவர் எடுப்பது பெரிய அளவு என்றால் ஒரு வாரம் விடுவது நல்லது, அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பிறகு காலையில், அன்றைய தைராக்சினைப் போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்கட்டும். டி.எஸ்.எச், ஃப்ரீ டி4, ட்ராப் மூன்றும் மறுபடி. முடிந்தவரை ஒரே லேப். வேறு லேப் என்றால் எண்ணை மட்டும் ஒப்பிடாமல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நார்மல் அளவையும் பாருங்கள், லேபுக்கு லேப் மாறும். காய்ச்சல், டெங்கி மாதிரி ஏதாவது வந்து தேறிக்கொண்டிருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள், அப்போதும் எண் கோணும்.

இந்த ரிசல்ட் வரும்வரை கார்பிமசோல் வேண்டாமே என்று டாக்டரிடம் இன்றே பேசுங்கள். பயோட்டின் விஷயத்தைச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

பிறை_பார்மசி

லேப் அண்ணன் சொன்னது மே, ஜூலைக்கு. ஜனவரியில் 9.1 ஏன் என்று நான் சொல்கிறேன்.

முழு டோஸ் கணக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 62 கிலோவுக்கு 99. ஆக 100 என்பது ஏறக்குறைய சரியான அளவுதான். அப்படியும் 9.1 வந்தால், மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, ரத்தத்துக்குப் போகவில்லை. இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில், அதுவும் தே தாரிக்கோடு விழுங்குகிறவர்கள் இங்கே ஏராளம். உங்கள் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.

காலை 6 மணிக்கு தைராக்சின், வெறும் தண்ணீரில். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தே, கோப்பி, பசியாறல். சோயா பால் குடிக்கிறவர் என்றால் காலையில் வேண்டாம். இரும்பு மதியத்துக்கு, கால்சியம் இரவு சாப்பாட்டோடு. தைராக்சினுக்கும் இந்த இரண்டுக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி. காலை தோதுப்படாதவர்கள் இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாம், ஆனால் அப்போது கால்சியத்தை மதியத்துக்கு நகர்த்தணும். கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் எடுத்தாலும் உறிஞ்சுவது குறையும், டாக்டரிடம் சொல்லுங்கள். தைப்பூச விரதம், சஷ்டி விரதம் என்று மாத்திரையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. தண்ணீரோடு ஒரு மாத்திரை போடுவதில் விரதம் கெடாது.

டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச் பார்க்கணும். பாதி மருந்து உடம்பிலிருந்து குறையவே ஒரு வாரம் ஆகும், மூன்றாம் வாரம் எடுத்த எண்ணை வைத்து டோஸை ஆட்டினால் ஊஞ்சல்தான். அரசாங்க கிளினிக்கில் சில சமயம் வேறு பிராண்ட் கொடுப்பார்கள். தப்பில்லை, ஆனால் மாறிய தேதியைக் குறித்து வையுங்கள், அதற்கும் 6 வாரம் கழித்து ஒரு டெஸ்ட். ஸ்டிரிப்பைக் காரில் வைக்காதீர்கள், நம் வெயிலுக்குத் தாங்காது.

இதைவிட எனக்கு உறுத்துவது அந்த முட்டிவலி கேப்சூல். டப்பாவில் ‘மால்’ (MAL) எனத் தொடங்கி எட்டு இலக்கமும், கடைசியில் ‘டி’ (T) என்ற ரோமன் எழுத்தும் உள்ள பதிவு எண் இருக்கிறதா? ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கிறதா? எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ இணையதளத்தில் தட்டினால் அதே பெயர் வரணும். பதிவில்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது இந்த நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிற விஷயம். பதிவு இல்லை என்றால் இங்கே வந்து சொல்லுங்கள். அதுவரை திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மலர்_செந்தூல்

அக்காவிடம் பேசிவிட்டேன். கம்மியில் பயோட்டின் 10,000. இரும்பு மாத்திரை ஒரு வருஷமாகவே தைராக்சினோடு சேர்த்து, காலையில். கேப்சூல் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியது, எண் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. ஏழெட்டு மாதமாக எடுக்கிறாராம், "எடுத்தா வலி பறந்துடும், விட்டா உடம்பே விழுந்துடும்" என்கிறார். கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பொது_மருத்துவம்

பயப்பட வேண்டாம், ஆனால் இந்த வாரமே டாக்டரைப் பார்க்கணும். "விட்டா உடம்பே விழுந்துடும்" என்பதுதான் முக்கியமான வரி.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாதக்கணக்கில் போனால் அட்ரினல் சுரப்பி சொந்தமாகச் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை உடம்பு நிறுத்திவிடும். அந்த நிலையில் தைராக்சின் டோஸைக் கூட்டினால், இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசோலும் வேகமாகச் செலவாகும். தைராக்சின் கூட்டக் கூட்ட ஆள் மோசமாகிறார் என்றால் கார்ட்டிசோலைப் பார்க்கணும் என்பது பழைய பாடம். ஹஷிமோட்டோ உள்ளவர்களில் சிலருக்கு அட்ரினல் சுரப்பியே பழுதாவதும் உண்டு (அடிசன் நோய்), அப்போது தோல் கறுக்கும், எடை குறையும், உப்பின் மேல் ஆசை வரும். உங்கள் அக்காவுக்கு அது மாதிரி தெரியவில்லை, கேப்சூல்தான் முதல் சந்தேகம்.

கார்ட்டிசோல் ரத்தத்தைக் காலை 8 மணியை ஒட்டி எடுக்கணும். மதியம் எடுத்த எண் இதற்குப் பயன்படாது. 100 நானோமோலுக்குக் கீழே என்றால் குறைபாடு கிட்டத்தட்ட உறுதி. 400, 500ஐத் தாண்டினால் பெரும்பாலும் கவலையில்லை. நடுவில் விழுந்தால் சினாக்தென் ஊசி டெஸ்ட் (அட்ரினலைத் தூண்டி, கார்ட்டிசோல் ஏறுகிறதா என்று பார்ப்பது). கர்ப்பத்தடை மாத்திரை எடுத்தால் எண் பொய்யாகக் கூடும், முன்கூட்டியே சொல்லணும். குறைபாடு என்றால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசோலுக்குப் பதிலான மருந்து), அதன் பிறகு தைராக்சினைச் சரிசெய்வது. வரிசை மாறக்கூடாது. கேப்சூலையும் கையோடு கொண்டு போகட்டும். டாக்டர் கணக்குப் போட்டு, தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, மெதுவாக இறக்குவார். வாந்தி, மயக்கம், பிரஷர் இறக்கம் வந்தால் அப்பாய்ண்ட்மெண்ட் எல்லாம் கிடையாது, நேரே எமர்ஜென்சி. கேப்சூல் விஷயத்தை அங்கே முதல் வரியாகச் சொல்லணும்.

இனி எங்கே போவது. தனியாரில் பணம் கட்டினால் சீக்கிரம் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் இது ஒரு தடவை பார்த்து முடிகிற கேஸ் இல்லை, வருடக்கணக்கில் மருந்தும் டெஸ்டும் ஓடும். என் கருத்தில் பட்டர்வொர்த்தில் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) ஆரம்பிப்பது நல்லது. மலேசியருக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). மைசெஜாத்ரா ஆப்பில் தேதி எடுக்கலாம், ஆனால் இந்த நிலையில் காத்திருக்காமல் நேரிலேயே போகட்டும். கவுண்டரில் குடும்ப மருத்துவ நிபுணர் என்று கேளுங்கள், பாக்கார் பெருபாத்தான் கெலுவார்கா. எல்லா கிளினிக்கிலும் தினமும் இருக்கமாட்டார், எந்தக் கிழமை என்று சொல்வார்கள். முதல் நாள் மெடிக்கல் ஆபீசர் பார்த்தாலும் பரவாயில்லை, காலைக் கார்ட்டிசோலும் சோடியமும் அன்றே ஆரம்பிக்கலாம்.

அங்கிருந்து பினாங்கு மருத்துவமனை எண்டோகிரைன் கிளினிக்குக்கு ரெஃபரல். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி. தேதி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பது கடிதத்தைப் பொறுத்தது, அங்கே ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் அவசரம், சாதாரணம் என்று பிரிக்கிறார். "தைராய்டு, களைப்பு, தயவுசெய்து பார்க்கவும்" என்று வந்தால் கடைசி வரிசை. இந்த விவரங்கள் கடிதத்தில் ஏறணும், ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்:

"38 வயது, ஹஷிமோட்டோ. லெவோதைராக்சின் 100, 125, 75 (ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து). டி.எஸ்.எச், ஃப்ரீ டி4 எல்லாத் தேதியும், லேபின் நார்மல் அளவோடு. பிப்ரவரியிலிருந்து பயோட்டின் 10,000, நிறுத்திய தேதி, நிறுத்திய பின் வந்த ரிசல்ட். இரும்பு மாத்திரை சேர்த்து எடுத்தது. பதிவில்லாத மூட்டுவலி கேப்சூல் 7, 8 மாதம், ஸ்டீராய்டு சந்தேகம். காலை 8 மணி கார்ட்டிசோல், சோடியம், பொட்டாசியம், உட்கார்ந்தும் நின்றும் பிரஷர். கேள்வி: அட்ரினல் அடங்கியுள்ளதா, கிரேவ்ஸ் உண்மையா?"

கடைசியில் கேள்வி இருப்பது முக்கியம். எதற்கு அனுப்புகிறார்கள் என்று படிப்பவருக்குப் பத்து வினாடியில் தெரியணும்.

கேஎல் பக்கம் என்றால் புத்ராஜெயா மருத்துவமனைதான் சுகாதார அமைச்சின் தேசிய எண்டோகிரைன் மையம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையிலும் எண்டோகிரைன் பிரிவு உண்டு. ஆனால் இவை இரண்டும் பல்கலைக்கழக மருத்துவமனை, கட்டணமும் பதிவும் தனி, கிளினிக் கெசிஹாத்தான் ஃபைல் தானாக அங்கே போகாது.

தனியாரில் யாரைப் பார்ப்பதானாலும் பெயரை என்.எஸ்.ஆரில், அதாவது தேசிய நிபுணர் பதிவேட்டில், தட்டிப் பாருங்கள். 2017 ஜூலை 1 முதல் நிபுணர் என்று தொழில் செய்ய அதில் பெயர் இருந்தாக வேண்டும். துறை என்ற இடத்தில் எண்டோகிரினாலஜி என்று இருக்கணும். "தைராய்டு ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டில் எழுதியிருப்பது வேறு, பதிவேட்டில் இருப்பது வேறு. கழுத்தில் கட்டி இருந்தால் மட்டும் மார்பக, எண்டோகிரைன் அறுவை நிபுணர். அக்காவுக்கு இப்போது அது தேவையில்லை.

ஜெலுத்தோங்_வாசி

அந்த மால் பேக்கேஜ் பக்கமே போகாதீங்க. "அட்ரினல் ஃபாட்டிக்"னு ஒரு நோயை எண்டோகிரைன் டாக்டர்கள் ஒத்துக்கிறதே இல்ல. அக்காவுக்கு இருக்கலாம்னு மேலே சொல்றது உண்மையான அட்ரினல் குறைபாடு, அதை எச்சிலை நாலு குப்பியில பிடிச்சு கண்டுபிடிக்க மாட்டாங்க, ரத்தமும் ஊசி டெஸ்டும்தான். இன்னொன்னு, அந்த மாதிரி இடத்துல குடுக்கிற "அட்ரினல் சப்போர்ட்" மாத்திரை சிலதுல மாட்டுச் சுரப்பிச் சாறு, சிலதுல தைராய்டு ஹார்மோனே இருக்கும். ஏற்கெனவே குழம்பிக் கிடக்கிற ரிசல்ட்டுல இன்னொரு கரண்டி. ரிவர்ஸ் டி3ன்னு ஒரு டெஸ்டுக்குப் பணம் கேட்டாலும் குடுக்காதீங்க, அந்த எண்ணை வச்சு டோஸை மாத்த முடியாது.

மலர்_செந்தூல்

எல்லாருக்கும் நன்றி. அக்கா நாளைக்கே கிளினிக் போகிறார். ஒரு கேள்வி மட்டும்: தைராய்டு, கார்ட்டிசோல் எல்லாம் சரியாகி, அசதி அப்படியே இருந்தால்? அப்போதும் எண்டோகிரைன்தானா?

பொது_மருத்துவம்

இல்லை. டி.எஸ்.எச் அளவுக்குள் வந்து மூன்று மாதம் கழிந்தும் அசதி போகவில்லை என்றால் எண்டோகிரைன் டாக்டர் செய்வதற்கு அதிகம் இல்லை. அங்கே திரும்பத் திரும்பப் போய் டோஸைக் கூட்டச் சொல்வதுதான் பலர் செய்வது. அதில் நெஞ்சு படபடப்பும் எலும்புத் தேய்மானமும்தான் மிஞ்சும். குடும்ப மருத்துவ நிபுணரிடமே திரும்பணும்.

முதலில் இரும்பு. எதற்காக இரும்பு மாத்திரை ஆரம்பித்தார்கள் என்று கேளுங்கள். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர்கள் அதிகம். எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவாக இருந்தாலே இரும்பு கொடுத்துவிடுகிறார்கள். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) பார்க்கணும்: 30க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு, முடி கொட்டுவதற்கும் அதுவே காரணமாகலாம். ஃபெரிட்டின் நன்றாக இருந்து எம்.சி.வி மட்டும் குறைவு என்றால் தலசீமியாவைப் பார்க்கும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரசிஸ் டெஸ்ட், இரும்பு வேண்டியதே இல்லாமல் போகலாம். அக்கா சைவம் என்றாலோ மெட்ஃபார்மின் எடுத்தாலோ பி12. ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு பி12 உறிஞ்சாத ரத்தசோகையும் சேர்ந்து வருவதுண்டு. இவற்றோடு சர்க்கரைக்கான எச்.பி.ஏ1சி, சிறுநீரகம், ஈரல், கால்சியம், விட்டமின் டி.

குறட்டையைக் கேட்க மறக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் எட்டு மணி நேரம் தூங்கினாலும் அசதிதான். தைராய்டு குறைவும் எடையும் சேர்ந்தால் இன்னும் கூடும். வீட்டில் ஒருவர் இரவில் கவனித்து, முடிந்தால் போனில் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுபோனால் ஸ்லீப் டெஸ்டுக்கு அனுப்புவது சுலபம்.

நீங்கள் எழுதியதில் இன்னொன்று: பசாருக்குப் போனால் மறுநாள் எழ முடியவில்லை. சாதாரணக் களைப்பு செய்தவுடனேயே வரும், ஓய்வெடுத்தால் போகும். ஒரு நாள், இரண்டு நாள் தள்ளி வந்து விழத்தட்டுவது எம்.இ/சி.எஃப்.எஸ் என்ற நாட்பட்ட சோர்வு நோயின் அடையாளம். கூடவே அன்றாட வேலையை முடக்கும் அசதி, தூங்கியும் தெளியாத உடம்பு, யோசனை மந்தம். பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் 2021 வழிகாட்டுதலில் இந்த நாலும் மூன்று மாதம் நீடித்து, வேறு காரணம் இல்லை என்றால் இந்த நோய் என்கிறார்கள். முதலில் கேப்சூலும் தைராய்டும் சரியாகணும், அதற்கு முன் இந்தப் பெயரை ஒட்டாதீர்கள். ஆனால் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்: அன்று என்ன வேலை செய்தார், எத்தனை அடி நடந்தார், மறுநாள் எப்படி, அதற்கு மறுநாள் எப்படி. அடுத்தது, படுத்துப் பத்து நிமிடம் கழித்து நாடியை எண்ணி, பிறகு சுவரில் சாய்ந்து நின்று பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஒரு தடவை. படுத்திருந்தபோது இருந்ததைவிட 30க்கு மேல் ஏறி அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டணும். மயக்கம் வந்தால் உடனே உட்கார வைக்கணும், தனியாகச் செய்ய வேண்டாம். கார்ட்டிசோல் ரிசல்ட் வந்த பிறகு செய்தால் போதும்.

"ஜிம்முக்குப் போ, சரியாகும்" என்று யாராவது சொன்னால், மறுநாள் விழுகிறவருக்கு அது பொருந்தாது. வாரா வாரம் பயிற்சியை ஏற்றிக்கொண்டே போகும் முறையை அதே நைஸ் 2021இல் எடுத்துவிட்டது. விழாத அளவு எவ்வளவு என்று நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்து, அதற்குள் நிற்பதுதான் இப்போதைய அறிவுரை.

பிறை_பார்மசி

மலர், ஒரு சின்ன விஷயம், முக்கியமானது. பினாங்கு மருத்துவமனையில் மருந்து எழுதிக் கொடுத்த பிறகு மாதாமாதம் தீவுக்குப் போக வேண்டாம். அங்கே பார்மசி கவுண்டரில் எஸ்.பி.யு.பி என்று சொல்லி, பட்டர்வொர்த் கிளினிக் பெயரைக் கொடுத்தால் மீதி மாத மருந்தை அங்கேயே வாங்கலாம். முதல் மாதம் மட்டும் மருத்துவமனையில். ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தால் அது தீருவதற்கு ஒரு வாரம் முன்பே போய்விடணும், ஒரு நாள்கூட விடுபடக்கூடாத மருந்து அது.

நாளைக்குப் போகும்போது எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கம்மியையும்தான். காலை 8 மணி ரத்தத்துக்கு முன்னால் தைராக்சின் போட வேண்டாம், கையில் வைத்திருந்து எடுத்த பிறகு போடட்டும். கேப்சூலை எப்போது எடுத்தார் என்ற நேரத்தையும் எழுதிக் கொடுக்கணும்.